மாலை போட்ட மனசும் மாய உடம்பும்

கார்த்திகை பிறந்துவிட்டால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கறுப்பு வேட்டிகள் பெருகிவிடும். தேனி, குமுளி வழியாக சபரிமலைக்குப் போகிறவர்கள் ஒருபக்கம்; மாலை போட்டுக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் இன்னொரு பக்கம். போன வாரம்வரை சில்லறைக்காக கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றவர், இப்போது "இருக்கட்டும் சாமி" என்கிறார். டீக்கடையிலும் அவர் 'சாமி'தான். பீடி இல்லை, பாட்டில் இல்லை, வீட்டில் கத்தலும் இல்லை. ஆள் அதே ஆள்தான். மாறியது உடுப்பும், ஊர் கூப்பிடுகிற விதமும்.

மனசின் இந்தக் குணத்தை, விர்ச்சுவல் ரியாலிட்டியை வைத்து ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணை முழுக்க மறைக்கும் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டால், கம்ப்யூட்டர் தருகிற ஓர் உடம்பு நம்முடையதாகிவிடும். நாம் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். கொஞ்ச நேரத்தில் மனசு அதைத் தன் உடம்பாகவே ஏற்றுக்கொள்ளும்.

2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் சிலருக்கு உயரமான மாய உடம்பும் சிலருக்குக் குட்டையான மாய உடம்பும் கொடுத்து, பணத்தைப் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். உயரமானவர்கள் விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசினார்கள். குட்டையானவர்கள் அநியாயமான பங்குக்கும் எளிதில் தலையாட்டினார்கள். 2009-ல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் ஆச்சரியம். கருவியைக் கழற்றிவிட்டு நேருக்கு நேர் உட்கார்ந்த பிறகும், கொஞ்ச நேரம் அந்த உயரம் பேச்சில் தங்கியிருந்தது! நினைத்த உருவம் எடுக்கும் கிரேக்கக் கடவுளின் பெயரால் இதை 'புரோட்டியஸ் விளைவு' என்கிறார்கள்.

இதில் நல்லதும் உண்டு. 2018-ல் பார்சிலோனாவில் இளைஞர்கள் சிலருக்கு ஐன்ஸ்டீனின் உடம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள், அதன்பின் யோசித்துச் செய்யும் தேர்வு ஒன்றில் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள்.

கெட்டதும் உண்டு. 2009-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், கம்ப்யூட்டர் திரையில் தங்கள் உருவத்துக்குக் கறுப்பு அங்கி கிடைத்தவர்களிடம், வெள்ளை அங்கி கிடைத்தவர்களைவிட முரட்டு எண்ணம் கூடியிருந்தது. அங்கே கறுப்பு என்றால் வில்லன். திண்டுக்கல்லில் கறுப்பு வேட்டி கட்டினால் விரதம். ஆக, நிறத்துக்கென்று தனி சக்தி எதுவும் இல்லை. அந்த வேஷத்துக்கு ஊர் என்ன அர்த்தம் வைத்திருக்கிறதோ, அதன்படி மனசு நடக்கிறது.

பிள்ளைகள் கேம் விளையாடினால் "எத்தனை மணி நேரமாச்சு?" என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். "அங்கே நீ யாரா இருக்கே?" என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். காப்பாற்றுகிறவனா, கண்ணில் பட்டவரையெல்லாம் சுடுகிறவனா? அங்கே அவனை மற்றவர்கள் என்னவென்று கூப்பிடுகிறார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

மாலை கழற்றும் நாளை நினைத்துக் கவலைப்படுகிற மனைவிமார் இந்த ஊரில் நிறைய. மண்டலம் முழுக்க 'சாமி'யாக இருந்தவர், மறுநாளே பழைய ஆளாகிவிடுவாரோ என்ற பயம் அது. கழற்றிய பிறகும் அந்தப் பொறுமையில் பாதியாவது தங்கினால், அந்த வீட்டுக்கு அதுவே பெரிய பிரசாதம்.