செத்த பாறைக்குள் உயிர்!

கடலில் 2,500 மீட்டர் ஆழம். ஒரே கும்மிருட்டு. சூரிய வெளிச்சம் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

1977-ம் ஆண்டு "ஆல்வின்" என்ற சிறிய நீர்மூழ்கியில் விஞ்ஞானிகள் அங்கே இறங்கினார்கள். இடம்: பசிபிக் கடலில், கலபகோஸ் தீவுகளுக்கு அருகே. தரை வெடிப்பிலிருந்து வெந்நீர் வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் சிப்பிகளும், குழாய்ப் புழுக்களும் மொய்த்துக் கிடந்தன!

வெயில் இல்லாத ஊரில் சாப்பாடு ஏது? கிருமிகள்தான் அங்கே சமையல்காரர்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கந்தக வாயுதான் விறகு!

சில இடங்களில் அந்த நீரின் சூடு 350 டிகிரியைத் தாண்டுகிறது. அதில் கரைந்து வரும் செம்பும் துத்தநாகமும் படிந்து, புகைபோக்கி போலப் பாறை எழும்புகிறது. வெந்நீர் நின்றுவிட்டால் அது "செத்த பாறை".

"செத்ததுதானே, வெட்டினால் என்ன?" என்கிறார்கள் சுரங்கக்காரர்கள். இது அவசரப் பேச்சு. அத்தகைய பாறைகளை உடைத்துப் பார்த்தபோது, உள்ளே கிருமிகள் இருந்தன. பாறையில் உள்ள கந்தகத்தைக் கொண்டே அவை பிழைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத குடியிருப்பு என்றாலும் குடியிருப்புதானே? அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் முன்பே இடிப்பது என்ன நியாயம்?

பப்புவா நியூகினி அருகே கடலடியை வெட்ட, 2011-ல் ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. 2019-ல் கம்பெனி திவாலாகிவிட்டது. பாறைகள் தப்பின, அப்போதைக்கு!