நிறுத்தி வைத்த காரில் கரண்ட் குடிப்பது யார்?

கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு பக்கம் பல வீடுகளில் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். அப்பாவும் அம்மாவும் ஊரில். வாரம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மருந்து மாத்திரை வாங்கி வருவதோடு சரி. மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகையில் நிற்கும் அந்த கார், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நெஞ்சுவலி என்றால் மட்டும் உடனே கிளம்பியாக வேண்டும். அப்போது பார்த்து வெறும் ‘டிக் டிக்’ சத்தம் வந்தால்?

அந்தப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டாராம். மூன்றாவது முறையும் ஒர்க்‌ஷாப்பில், “பேட்டரி போச்சு அண்ணாச்சி, மாத்திருங்க” என்கிறார்களாம். மாற்றாதீர்கள் சார். ஒரு வருஷத்தில் இரண்டு பேட்டரி தானாகச் சாகாது. கார் நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அடிக்கடி முழுசாக இறங்கும் பேட்டரிக்குள் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான்.

பூட்டிய கார் முழுசாகத் தூங்குவதில்லை என்பது உண்மை. கடிகாரம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் ரிசீவர், அலாரம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும். மொத்தமாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் பயமில்லை. சின்ன காரில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் போகும்; பாதி காலியாகவே இரண்டு வாரம் ஆகும். 2020 மார்ச் ஊரடங்கில் எந்தக் கோளாறும் இல்லாத கார்கள்கூட வாரக்கணக்கில் நின்று படுத்தது இதனால்தான். அதுவே அரை ஆம்பியர் என்றால் நாளைக்கு 12 ஆம்பியர் அவர். மூன்றாம் நாள் காலையில் வண்டி எழும்பாது.

முதல் சோதனைக்கு ஒரு ஸ்பேனரும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் போதும். பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் வோல்ட் பாருங்கள். 12.6 பக்கம் இருந்தால் முழு சார்ஜ்; 12.2 என்றால் பாதிதான். கழற்றி வைத்தபோது நிற்கும் சார்ஜ், மாட்டி வைத்தால் இறங்குகிறது என்றால் பேட்டரி நிரபராதி. கழற்றி வைத்தும் இறங்கினால்தான் புதுசு வாங்க வேண்டும்.

அடுத்து, உறிஞ்சும் அளவு. சாவியை எடுத்துவிட்டு, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். அந்த நிலையில் தப்பித்தவறியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டர் புகைந்துவிடும். முதலில் இரண்டு மூன்று ஆம்பியர்கூடக் காட்டும். பலர் இங்கேதான் ‘பிடித்துவிட்டோம்’ என்று துள்ளுகிறார்கள். பொறுங்கள். இணைத்தவுடன் காரின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். திரும்பத் தூங்க அரை மணி, சில கார்களில் அதற்கு மேலும் ஆகும். ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். சாவி பட்டன் வகை என்றால் அதை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள், பக்கத்தில் இருந்தாலே கார் விழித்திருக்கும்.

அரை மணிக்குப் பிறகும் 300, 400 என்று நின்றால், எந்த லைன் என்று தேட வேண்டும். ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழி. இப்போதைய கார்களில் பிடுங்கி மாட்டும்போதே தூங்கிய கம்ப்யூட்டர் எழுந்து கணக்கைக் குழப்பிவிடும். ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த லைனில் கரண்ட் ஓடவில்லை. ஏதாவது எண் காட்டினால் அந்த லைனைப் பிடியுங்கள். எந்த லைன் என்பது ஃப்யூஸ் பெட்டி மூடியிலேயே இருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்டியைப் பார்க்கக் கதவைத் திறக்க வேண்டுமே என்றால், கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். திரும்பத் திறந்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.

என் சந்தேகம் எப்போதும் கம்பெனி போட்டுத் தராத பொருள்கள் மேல்தான். வெளியில் மாட்டிய ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் நேரடி பேட்டரி, சிவப்பு ஒயர் சாவி வழி. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஸ்டீரியோ தூங்கவே தூங்காது. டாஷ்கேம், ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றையும் பாருங்கள். டோல்கேட் ஃபாஸ்டேக் மேல் பழி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பேட்டரியும் கிடையாது, ஒயரும் கிடையாது. டோல்கேட் ரீடரின் ரேடியோ அலையில் இயங்குகிற வெறும் ஸ்டிக்கர் அது.

டிக்கி லைட், கிளவ் பாக்ஸ் லைட் எரிந்தபடியே மூடிக்கொள்வதும் உண்டு. போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள், குட்டு வெளிப்படும். பிரேக் பெடல் சுவிட்சைத் தொடும் சின்ன பிளாஸ்டிக் பொத்தான் பழசாகி உதிர்ந்தால், பின்னால் பிரேக் லைட் விடிய விடிய எரியும். 21 வாட் பல்பு இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியர். ஒரே ராத்திரியில் பேட்டரி காலி. வயல் பக்கத்து வீடு என்றால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்.

எல்லா ஃப்யூஸும் பூஜ்யம், ஆனாலும் கரண்ட் போகிறதா? ஆல்டர்நேட்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் டயோடு கெட்டால் பேட்டரி கரண்ட் அதன் வழியே திரும்ப ஓடும். ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் ஆல்டர்நேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதேதான். இதைக் கழற்றுவது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம்.

ஆள் கிடைக்கும்வரை நிற்கும் நாட்களில் மைனஸைக் கழற்றி வையுங்கள். சில ஸ்டீரியோக்கள் திரும்ப மாட்டும்போது கோடு நம்பர் கேட்கும். அதை முன்பே தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் கழற்றிய காரை ரிமோட் திறக்காது, சாவியை டிரைவர் கதவில் போட்டுத்தான் திறக்க வேண்டும். ஸ்பேனரை காருக்குள் வைக்காமல் வீட்டு வாசலில் மாட்டி வையுங்கள். எந்த போல்ட்டை இறுக்க வேண்டும் என்று வீட்டம்மாவுக்கும் பகலிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள் சார்.