எதுக்கு 'ஆம்' சொன்னார் நம்ம எம்.எல்.ஏ.?



70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்கு ஓட்டுக் கேட்க வராத கட்சி கிடையாது. செம்மேட்டில் மைக் பிடித்து ரோடு போடுறோம், டவர் கொண்டு வர்றோம்னு சொல்லாத வேட்பாளரும் கிடையாது. அஞ்சு வருஷம் கழிச்சு நாமும் அதையேதான் கேக்குறோம்: "ரோடு வந்துச்சா? நல்லது கெட்டதுக்கு வந்தாரா?"

கேட்க வேண்டியதுதான். ஆனால் சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை சட்டம் செய்வது. எந்த மசோதாவுக்கு அவர் 'ஆம்' சொன்னார், எதுக்கு 'இல்லை' சொன்னார்னு நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

கேட்டாலும் பதில் கிடைப்பது கஷ்டம். பேரவையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார் பேரவைத் தலைவர். சத்தம் எழும், மசோதா நிறைவேறும். யார் என்ன சொன்னார்னு பெயர் வாரியா பதிவு இருக்காது. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரி தலையை எண்ணி 122, 11 என்று அறிவிப்பது அபூர்வம்.

இதனால என்ன நஷ்டம்? 2023 ஏப்ரல் 21-ஐ நினைச்சுப் பாருங்க. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதிச்சதும் மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. அதே நாளில் நில ஒருங்கிணைப்பு மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்குள் ஓடை, வாய்க்கால், ஏரி இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைக்க வழி செய்யும் சட்டம் அது. பாக்சைட் வெட்டிய தழும்பைச் சுமக்கிற மலை நம்மளோடது. நிலத்தைப் பற்றிய சட்டத்தில் நம்ம தொகுதியின் குரல் எந்தப் பக்கம் இருந்தது என்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியது ரெண்டே ரெண்டு. ஒன்று ஏற்காடு, இன்னொன்று நம்ம சேந்தமங்கலம். 2006-லும் 2021-லும் இங்கே வென்ற பொன்னுசாமி அவர்கள் 2025 அக்டோபரில் மறைந்தார். அவருக்கு நம் மரியாதை. அவையில் அவர் பேசியதைக் குறிப்பேட்டில் தேடி எடுக்கலாம். ஒவ்வொரு மசோதாவிலும் எப்படி வாக்களித்தார் என்பதை எடுக்க முடியாது. இது அவர் குறை இல்லை. 234 பேருக்கும் இதே நிலைதான்.

இன்னொன்றையும் நேர்மையா பேசணும். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அப்படின்னா எம்.எல்.ஏ. சொல்லும் 'ஆம்' அவர் ஒருவருடையது மட்டும் இல்லை, கட்சியுடையது. அதனால் கேள்வி கட்சிக்கும்தான். நமக்கும்தான்.

ஆனால் கேள்வி கேட்காதேன்னு எந்தச் சட்டமும் சொல்லலை. 2024 பிப்ரவரியில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல் திட்டச் சட்டம் நிறைவேறியது. அதில் மலைக்கு எவ்வளவு வந்தது? 2006 வன உரிமைச் சட்டப்படி எத்தனை குடும்பத்துக்குப் பட்டா கிடைச்சது? கேள்வி நேரத்தில், கவன ஈர்ப்பில், வெட்டுத் தீர்மானத்தில் இதைக் கேட்பது எம்.எல்.ஏ. கையில்தான் இருக்கு.

ஆகவே நம் கட்சி சார்பில் யார் வென்றாலும், ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரணும்: எதை ஆதரித்தேன், எதை எதிர்த்தேன், ஏன், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது. அதை மலையின் 14 ஊராட்சிகளிலும் கிராம சபையில் வாசிக்கணும்.

தோழர்களே, அடுத்த கிராம சபைக்குப் போங்க. நம்ம ஆளாச்சேன்னு தயங்காதீங்க. நம்ம ஆளை நாம கேட்டாதான், அடுத்த கட்சிக்காரரைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

#கொல்லிமலை #சேந்தமங்கலம் #கிராமசபையில்_கேட்போம்