உறுதி நம் கையில், காணி யார் கையில்?

காணிக்காரரின் உரிமையைப் பற்றித் தொழிலாளர் சங்கப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வாகரையில் தொழிலாளியும் காணிக்காரரும் பல வீடுகளில் ஒரே ஆள்தான். பகலில் தென்னந்தோட்டத்திலும் முந்திரிகைத் தோட்டத்திலும் நாட்சம்பளத்துக்கு நிற்கும் நம்மில் பலருக்கு ஓரேக்கரோ இரண்டேக்கரோ காணி இருக்கிறது. சிலரிடம் உறுதி, சிலரிடம் பெர்மிட். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வெறுங்கையோடு கிழக்குக்கு வந்த குடும்பங்களுக்கு அந்தத் துண்டுக் காணிதான் முதல் முதுசம். வேலை இல்லாத மாதத்தில் சோறு போடுவதும் அதுதான்.

2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006 இறுதியிலும் 2007 ஜனவரியிலும் யுத்தம் ஊரையே கிளப்பி விரட்டியது. திரும்பி வந்தபோது முந்திரிகை மரங்களுக்கிடையே பற்றை மண்டிக் கிடந்தது. சில ஆண்டுகளில் பற்றை காடானது. இப்போது துப்புரவாக்கப் போனால் "இது வனம்" என்ற பதில் வருகிறது. காணியை யாரும் எடுத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கிணறு வெட்ட முடியாது, மரம் தறிக்க முடியாது, வாங்க ஆள் வராது.

சட்டம் என்ன சொல்கிறது? 1907 ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒதுக்குக் காடாகப் பிரகடனப்படுத்தக்கூடியது அரச காணியை மட்டுமே. தனியார் காணி பொதுத் தேவைக்கு வேண்டுமென்றால், 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி அதை எடுக்க வேண்டும். அதற்கு அறிவித்தல் உண்டு, ஆட்சேபனை உண்டு, விசாரணை உண்டு, சந்தை விலைப்படி நட்டஈடு உண்டு. தொகை போதாதென்றால் மீளாய்வுச் சபைக்குப் போகலாம். நீளமான வழிதான், ஆனாலும் வழி.

நமக்கு அந்த வழி இரண்டு இடத்தில் அடைபடுகிறது.

முதலாவது, வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டத்துக்குக் காணி தேடிய காலத்தில் பிறந்த 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றே அது அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில். கிழக்கின் சேனைக் காணிகளையும் அது காட்டுக் கணக்கிலேயே சேர்த்தது. நம் பாட்டன்மாரை மலைக்குக் கொண்டுபோன தோட்டங்கள் எழுந்தது இந்தச் சட்டத்தின் மேல்தான்.

இரண்டாவது, காணியை எடுக்காமலே கட்டுப்படுத்தும் விதிகள். உதாரணமாக, வனவிலங்குச் சட்டத்தின் கீழ் ஒரு சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம். சொந்தம் நமக்கு, விதி அவர்களுக்கு. எடுக்கப்படாத காணிக்குக் காணி எடுத்தற் சட்டம் நட்டஈடு தராது. 1978 அரசியல் யாப்பின் அடிப்படை உரிமைகளிலும் சொத்துரிமை என்று ஒன்று இல்லை.

ஆனால் வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அதே யாப்பின் 157 ஆம் உறுப்புரை இருக்கிறது. பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்கு அது சட்ட வலு தருகிறது. இதன் பெறுமதியை மட்டக்களப்பு வாவிக்கரை நேரில் கண்டது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் படை நடவடிக்கையின்போது ஓர் இறால் பண்ணை அழிந்தது. அதில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. பாதுகாப்புக் கொடுக்க அரசு தவறியது என்று 1990 இல் தீர்ப்பாகி, 4,60,000 அமெரிக்க டொலரும் வட்டியும் நட்டஈடாக விதிக்கப்பட்டன. அந்த நாட்களில் அங்கே கொல்லப்பட்ட பண்ணைத் தொழிலாளர்களுக்கு அந்த மன்றத்தில் கதிரை இருக்கவில்லை. பணம் போட்டவனின் நட்டத்தை அளக்கத் தெரிந்த சட்டம், உழைப்பைப் போட்டவனின் நட்டத்தை அளக்கவில்லை.

காட்டுக்கு நாம் எதிரிகள் அல்ல. கண்டல் இல்லாவிட்டால் வாவியில் இறால் இல்லை. காடு எல்லோருக்கும் பொது என்றால் அதன் செலவும் பொதுவாக இருக்க வேண்டும். ஓர் ஏழையின் ஓரேக்கர் தனியே அதைச் சுமக்கக் கூடாது.

நமது கோரிக்கைகள் இவை. எல்லைக் கல் நடுமுன் காணிக்காரரும் கிராம உத்தியோகத்தரும் கூட நின்று பார்க்க வேண்டும். யுத்த காலத்தில் வளர்ந்த காட்டை 1840 அனுமானத்தில் சேர்க்கக் கூடாது. யுத்தத்தால் ஊரில் இருக்க முடியாமல் போனவரின் காணியை வேறொருவர் ஆட்சியுரிமை சொல்லிப் பறிக்கக் கூடாதென்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஏற்றுக்கொண்டது. தனியாளுக்கு விதித்த அந்த நியாயம் அரசுக்கும் பொருந்தட்டும். விதியால் காணி பயனற்றுப் போனால் நட்டஈடோ மாற்றுக் காணியோ வேண்டும். தோட்டம் மூடப்பட்டால் அங்கே வேலை இழப்போருக்கும் அதில் பங்கு வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. உறுதி, பெர்மிட், நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பு எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வர்த்தமானியையும் எல்லைப் படத்தையும் எழுத்தில் கேளுங்கள். கல் நட்ட திகதியைக் குறித்து வையுங்கள். சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் கணக்கிடப்படாது. தவறான கட்டளையை ரத்துச் செய்யக் கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம்.

தனித்தனியாகக் கந்தோர் வாசலில் நின்றால் நாளைக்கு வா என்பார்கள். காணிப் பத்திரங்களோடு அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்தே போவோம்.