அக்கா போனுக்கு வந்த ஆடியோ

காலை ஆறு மணிக்கே பெரிய மார்க்கெட் பரபரப்பாகிவிடும். குபேர் அங்காடி என்று கேட்டால் புதுச்சேரிக்காரர்களே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். 'பெரிய மார்க்கெட்' என்றால் போதும்.

காய்கறி வரிசையில் ஓர் அக்காவின் கடை. பீகாரிலிருந்து வந்த பையன் தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறான். அக்காவின் போனில் குடும்ப குரூப்பிலிருந்து ஓர் ஆடியோ. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். "வடநாட்டுக்காரனுங்க நம்ம பசங்கள அடிக்கிறானுங்க, எல்லாருக்கும் அனுப்புங்க..." பையனுக்குத் தெரிந்த தமிழ் இதைப் புரிந்துகொள்ளப் போதும். பெட்டியை வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் அடுத்ததை எடுக்கப் போனான். அக்கா பாதியிலேயே நிறுத்தினார்.

இந்த மாதிரி சரக்கு நமக்குப் புதிதல்ல. 2023 ஜனவரியில், திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் வீடியோ வைரலானது. சிலருக்கு இடையே நடந்த தகராறு, இனச் சண்டையாகப் பரவியது. பிப்ரவரியில், ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் வட மாநிலத் தொழிலாளர்களை ஒருவர் திட்டி அடிக்கும் வீடியோ வந்தது. ரயில்வே போலீஸ் கைது செய்த அந்த நபர், புதுச்சேரியை ஒட்டிய விழுப்புரம் மாவட்டத்துக்காரர்.

மார்ச்சில் அதே நெருப்பு இந்தி போன்களில் பற்றியது. 'தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள்' என்று இரண்டு வீடியோக்கள் சுற்றின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார்: ஒன்று, பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. கட்டுப்போட்ட காயத்தோடு இருவர் அழும் மற்றொரு வீடியோ பாட்னாவிலேயே நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸ் சொன்னது. மார்ச் 8 ஹோலி. ஊருக்குப் போகிறவர்களால் ரயில் நிலையங்கள் நிரம்பி வழிய, அந்தக் கூட்டத்தையே 'ஓடி வருகிறார்கள்' என்று காட்டினார்கள்.

தமிழில் 'அவன் நம்மை அடிக்கிறான்', இந்தியிலும் 'அவன் நம்மை அடிக்கிறான்'. சரக்கு ஒன்று, லேபிள் இரண்டு.

அந்த முறை தீ அணைந்ததற்கு வழக்கும் கைதும் மட்டும் காரணமில்லை. இந்தியில் உதவி எண்கள் வந்தன. பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசியது. முதல்வர் ஸ்டாலின் காவல்கிணறில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கே போய் அவர்களைச் சந்தித்தார். பயந்தவரின் மொழியில், பயம் இருக்கும் இடத்துக்கே பதில் போனது. வழக்கு அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும்.

குடும்ப குரூப்பிலும் அப்படித்தான். இரட்டை அம்புக்குறியோடு வந்தால், அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதை அனுப்பிய மாமா கெட்டவர் இல்லை, அக்கறையில் அனுப்பியிருப்பார். எல்லார் முன்னாலும் 'ஃபேக்' என்று மூக்கை உடைத்தால், அவர் வீடியோவை விட மாட்டார், குரூப்பைத்தான் விடுவார். அப்புறம் வேறு குரூப்பில் அவரை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று யோசியுங்கள். தனியாகக் கேட்கலாம். எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது?

கூலி ஏறவில்லை, உள்ளூர் ஆளுக்கு வேலை இல்லை என்கிற கோபமும் பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டியது சம்பளம் தருகிறவரிடம். பக்கத்தில் மூட்டை தூக்குகிறவனிடம் அல்ல. இதை யாரும் வெளிப்படையாகப் பேசாததால்தான், வெறுப்பை விற்கிறவர் அந்த இடத்தில் கடை போடுகிறார்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் குறைந்தது. டீ வந்தது. "தம்பி, குடிச்சிட்டுப் போ" என்றார் அக்கா. பையன் வாங்கிக்கொண்டான். அக்கா போனைத் துடைத்துவிட்டு, மாமாவுக்குத் தனியாக டைப் செய்தார்: "இது எந்த ஊர்ல மாமா நடந்துச்சு?"

நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.