நர்சிங் என்று விற்கிறார்கள், நர்ஸ் என்று பதிவதில்லை

வைத்திக்குப்பத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் போன மே மாதம் ஒரு அம்மா வந்தார். காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, மடித்த நோட்டீஸ் ஒன்றை நீட்டினார். "தம்பி, பொண்ணு நர்ஸ் ஆவணும்னு சொல்லுது. ஒரு வருஷம்தானாம். வேலை உறுதின்னு போட்டிருக்கான். கம்மலை அடகு வச்சிக் கட்டிடலாமா?"

வெள்ளைத் தொப்பி போட்ட பெண்ணின் படம். 'நர்சிங்' என்பது கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'அசிஸ்டெண்ட்'. மோசடி முழுவதும் அந்த இரண்டு எழுத்து அளவுகளுக்கு நடுவில் இருக்கிறது.

அது எந்த மாதம் என்பதையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், வீட்டில் காசு இருக்காது. பிளஸ் டூ முடிவு வருவதும் அப்போதுதான். "இப்ப அஞ்சாயிரம் கட்டி சீட்டைப் பிடிங்க, மீதியைத் தவணையில கட்டுங்க" என்று பேசத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில்தான் தெருவுக்குள் வருகிறார்கள்.

தலித் அரசியல் பேசுகிறவர்களுக்கு மீனவர் தெருவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வகுப்பில் குப்பத்துப் பிள்ளைகளும் நகரத்துச் சேரிகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். மீனவர்கள் பட்டியல் சாதியில் இல்லை, அவர்களுக்கான ஒதுக்கீடு வேறு. ஆனால் நோட்டீஸ் இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். டாக்டர் வீட்டுப் பிள்ளை கையில் அதை யாரும் திணிப்பதில்லை.

அந்த அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நீங்களும் போடுங்கள், எண்களை உங்கள் ஊர் நோட்டீஸுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் 40,000 ரூபாய் என்று வைப்போம். சீருடை, புத்தகம், 'தேர்வுக் கட்டணம்', பேருந்து எல்லாம் சேர்த்து 8,000. இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தப் பெண் அந்த ஒரு வருடம் துணிக்கடையில் நின்றிருந்தால் மாதம் 8,000 வீதம் 96,000 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். ஆகவே படிப்பின் உண்மையான விலை 1,44,000. படித்து முடித்ததும் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் 9,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது என்று வைப்போம். துணிக்கடையை விட மாதம் 1,000 ரூபாய் கூடுதல். போட்ட பணம் திரும்ப 144 மாதம் ஆகும், அதாவது 12 வருடம். அடகு வட்டியை நாங்கள் இன்னும் சேர்க்கவே இல்லை.

அந்த ஒரு வருடத்திலும் பாதி 'பயிற்சி'. பயிற்சி என்றால் மருத்துவமனையில் சம்பளம் இல்லாமல் ஷிப்ட் பார்ப்பது. நாம் பணம் கட்டி, நாமே வேலையும் செய்து கொடுக்கிறோம். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தோழர்களே சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1947-இன் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின்கீழ் நர்சிங் படிப்பின் படிகள் தெளிவானவை: ஏஎன்எம் 2 வருடம், ஜிஎன்எம் 3 வருடம், பிஎஸ்சி நர்சிங் 4 வருடம். இவற்றை முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் உண்டு. ஒரு வருட அசிஸ்டெண்ட் சான்றிதழுக்கு அந்தப் பதிவு இல்லை. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கு 2021-இல் தனிச் சட்டம் வந்தது. இரண்டு வருடத்துக்குக் குறையாமல், 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்த டிப்ளமோ அல்லது பட்டத்தைத்தான் அது தகுதியாக ஏற்கிறது. ஒரு வருடச் சான்றிதழ் இங்கேயும் வெளியில்தான் நிற்கிறது.

பதிவு எண் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஊரின் மறுகோடியிலேயே சாட்சி இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு. 1964 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. அங்கே நர்சிங் ஆபீசருக்கு ஏழாவது ஊதியக் குழுவின் 7-ஆம் நிலை, தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பட்டியல் சாதிக்கு இடஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பத்தில் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். அசிஸ்டெண்ட் சான்றிதழ்காரர் பத்து வருடம் ஊசி போட்டிருந்தாலும் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

தனியார் மருத்துவமனைகளுக்கு இந்தச் சான்றிதழ் ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையானாலும் நர்ஸின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. அதை நிறைவேற்றாமல் இழுத்தடிக்கும் அரசுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் அந்தப் பரிந்துரையைக்கூடக் கேட்க முடியாத ஒருவர் வார்டில் நின்றால் முதலாளிக்கு எவ்வளவு வசதி! நோயாளி அவரை 'சிஸ்டர்' என்பார். சம்பளப் பட்டியலில் அவர் ஆயா.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். எப்போதும் கேட்பார்கள். மலம், மூத்திரம், ரத்தம், பிணம் இவற்றைத் தொடும் வேலையை இந்தச் சமூகம் யாருக்கு ஒதுக்கியது என்று நமக்குத் தெரியும். பெட்பேன் வைப்பதும் படுக்கைப் புண்ணைத் துடைப்பதும் கேவலமான வேலை அல்ல. அதைச் செய்கிறவரால்தான் நோயாளி பிழைக்கிறார். நம் பாட்டிகள் அதே வார்டுகளில் இதைச் செய்தார்கள், சான்றிதழ் கேட்காமல் வேலைக்கு எடுத்தார்கள். இன்று அதே வேலைக்கு, அதே சம்பளத்துக்கு, பேத்தியிடம் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். முன்னேற்றம் என்று இதைத்தான் காட்டுகிறார்கள்.

"நாலு வருஷம் யார் சோறு போடுறது?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அம்பேத்கர் அப்போது வைஸ்ராய் கவுன்சிலில் உறுப்பினர். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கீகாரம் பெற்ற நர்சிங் படிப்புக்கும் அது உண்டு. 2020 டிசம்பரில் ஐந்து ஆண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாடிப்படிக்கு மேலே ஒற்றை அறையில் நடக்கும் 'இன்ஸ்டிடியூட்'டில் சேர்ந்தால் அதில் ஒரு ரூபாய் வராது. அந்த இடத்தின் தரத்தை அறிய இதைவிட எளிய சோதனை வேண்டாம்: "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் இதுக்கு வருமா?" என்று கேளுங்கள், பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள்.

இன்னொரு பொய்யும் உலவுகிறது. வணிகவியல், வரலாறு படித்தவர்களுக்கு நர்சிங்கில் இடமே கிடையாதாம். பிஎஸ்சி நர்சிங்குக்குத்தான் உயிரியல் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஏஎன்எம், ஜிஎன்எம் படிப்புகளுக்குக் கலைப்பிரிவு மாணவர்களும் தகுதியானவர்களே. கொஞ்ச நாள் படித்து உடனே வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் பயிற்சியைப் பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தில் இலவசமாகவே தந்திருக்கிறார்கள். அதுவும் நர்ஸ் ஆக்காது. ஆனால் கம்மலைக் கேட்காது.

பட்டியல் சாதி என்றாலும் புதுச்சேரியில் எல்லோருக்கும் வழி திறந்திருக்கவில்லை. இங்கே பட்டியல் சாதி ஆணை வந்தது 1964 மார்ச் 5. அன்றைக்கு இங்கே குடியிருந்த குடும்பம்தான் பூர்வீகம். விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து பிழைக்க வந்த தலித் குடும்பம் ஒரே தெருவில் வாழ்ந்தாலும் 'குடிபெயர்ந்தவர்', புதுச்சேரியின் ஒதுக்கீடு அவர்களுக்கு இல்லை. நோட்டீஸ்காரர் மட்டும் பூர்வீகம் கேட்பதில்லை. யாரை விரட்டிவிட்டோமோ அவரைத்தான் அவர் சேர்த்துக்கொள்கிறார்.

நம்மையும் திட்டிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 14-க்கு ஊர்வலம் போகிறோம், பேனர் கட்டுகிறோம். மே, ஜூனில் சென்டாக் விண்ணப்பம் வரும்போது எத்தனை பேர் தெருவில் மேசை போட்டு உட்காருகிறோம்? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எடுக்கத் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை கூடப் போயிருக்கிறோம்? நாம் இல்லாத அந்த மேசையில்தான் நோட்டீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தங்கைகளுக்கு: மூலச் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் எழுத்தில் ரசீது வாங்குங்கள். வேலையில் இருப்பவர்கள் குறைந்தபட்ச ஊதியம், பிஎஃப், இஎஸ்ஐ மூன்றையும் கேளுங்கள். பதிவு இல்லாததால் நர்ஸ் சம்பளத்தை மறுக்கலாம், தொழிலாளி என்பதை மறுக்க முடியாது. தனியாகக் கேட்டால் அனுப்பிவிடுவார்கள், வார்டே சேர்ந்து கேளுங்கள். நாங்கள் வருகிறோம்.

அந்த அம்மா எங்களிடம் வருவதற்கு முன்பே முன்பணம் 5,000 கட்டியிருந்தார். நான்கு தோழர்கள் போய்க் கேட்டோம். "ரசீதின் பின்பக்கத்தைப் படிங்க" என்றார்கள். திருப்பித் தரப்படாது என்று அங்கே அச்சடித்திருந்தது. கம்மல் அடகுக் கடைக்குப் போகவில்லை. மகள் ஜிஎன்எம் விண்ணப்பம் போட்டாள். இந்த மே மாதத்திலிருந்து வைத்திக்குப்பத்தில் மாலை ஐந்து முதல் எட்டு வரை மேசை போடுகிறோம். மடிக்கணினி இரண்டு இருக்கிறது, ஆள்தான் போதவில்லை.