ஆலோசகரின் சுயவிவரத்தில் கடல் எங்கே?

மாநிலக் கல்விக் கொள்கையை வகுக்க 2022 ஏப்ரலில் தமிழக அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர், ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன். எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன், செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த், பாடகர் டி.எம். கிருஷ்ணா, யுனிசெஃப்பில் பணியாற்றிய அருணா ரத்னம், அகரம் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ தாமோதரன் என்று உறுப்பினர்கள் பல துறைகளிலிருந்து வந்தார்கள். அந்த வரிசையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரும் இருந்தார்: நாகப்பட்டினம் கீச்சாங்குப்பம் நடுநிலைப் பள்ளியின் பாலு. 2004 சுனாமி சூறையாடிய மீனவர் குப்பம் அது.

அவரைச் சேர்த்தது சரியான முடிவு. ஆனால் அது விதிவிலக்காகவே நிற்கிறது.

மத்திய அரசு 2018இல் அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். இப்படிப்பட்ட மாவட்டங்களுக்குக் கல்வி ஆலோசனை சொல்ல வருபவர்களிடம் பெரும்பாலும் சமூகப்பணி, பொதுக்கொள்கை, மேலாண்மைப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. தரவைப் படிக்கவும் திட்டம் தீட்டவும் அந்தப் படிப்பு தேவை. ராமநாதபுரத்தின் பாம்பனிலும் மண்டபத்திலும் ஒரு பிள்ளை ஏன் படிப்பை விடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அது மட்டும் போதாது.

மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வருவதும், கல்லூரி, பாலிடெக்னிக் சேர்க்கை நடப்பதும் அநேகமாக இதே வாரங்களில்தான். விடுதிக் கட்டணம், பஸ் செலவு, புதுத்துணி என்று காசு தேவைப்படும்போது வீட்டில் வருமானம் இருக்காது. அரசு தரும் நிவாரணம் அன்றாடச் செலவுக்கே கரைந்துவிடும். தடை முடிந்து படகு கிளம்பும்போது, கல்லூரிக்குப் போக வேண்டிய பையன் மீன்பிடி வருமானத்தில் ஒரு பங்குக்காகப் படகில் ஏறிவிடுகிறான். இடைநிற்றல் அட்டவணையில் இதற்குத் தனிக் கட்டம் கிடையாது. சேர்க்கைக் கட்டணத்துக்கு ஜூலைவரை தவணை கொடுங்கள் என்று சொல்ல, படகுக் கணக்கு தெரிந்த ஒருவர் ஆலோசனை மேசையில் இருக்க வேண்டும்.

பாம்பன் தீவின் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிக்கும் வேலை. அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாட்களில்தான் இது மும்முரம்; விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்களில் பிள்ளைக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆள் இருக்காது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தத் தாய்மார்களைவிட யார் சொல்லிவிட முடியும்? அதே சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி, பாசி வளத்தைக் காக்கப் பெண்களைத் திரட்டியதற்காக 2015இல் சர்வதேச சீகாலஜி விருது பெற்றார். வெளிநாட்டு அமைப்பு மதித்த அனுபவத்தை உள்ளூர்க் கல்வித் திட்டங்களும் தேடி வரவேண்டும்.

கடலோர மக்கள் தங்கள் அறிவைத் தொழில்முறையாகவே கையாளக்கூடியவர்கள். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலி அதற்குச் சாட்சி. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தெருவுக்குத் தெரு மாலை வகுப்பு எடுத்தவர்களும் உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டத் திணறுகிறது என்பது அவர்களுக்கு அத்துபடி. அந்த உழைப்புக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆலோசகருக்கு ஒரு நாளில் கிடைக்கக்கூடிய தொகையைவிட இது குறைவு என்பது வருத்தம் தருகிறது.

மண்டபம் ஒன்றியத்திலிருந்தே இந்த நிலையை மாற்றத் தொடங்கலாம். கல்வி ஆலோசனைக் குழு எதுவானாலும், பாசி எடுக்கும் பெண் ஒருவர், படகுத் தொழிலாளி ஒருவர், இல்லம் தேடிக் கல்வியில் பாடம் நடத்திய ஒருவர் அதில் இடம்பெறட்டும். மற்ற நிபுணர்களுக்குத் தரும் அதே அமர்வுத் தொகை அவர்களுக்கும் தரப்படட்டும். பள்ளி அளவிலும் மாற்றம் வேண்டும்: கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் வந்து பேச வேண்டுமானால், பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூட்டத்தை வைக்க வேண்டும்.